உங்களுக்குத் தெரியுமா? உட்கார முடியாத தகர மனிதன்

படப்பிடிப்பில் நடிகர்கள் நடிக்கும் நேரத்தைவிட, விளக்கும் கேமராவும் தயாராவதற்காகக் காத்திருக்கும் நேரமே பெரும்பாலும் அதிகம். அப்போது உட்காரவும் வழியில்லை என்றால்?

1939-இல் வெளியான ஹாலிவுட் படமான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்'ஸில் தகர மனிதனாக நடித்த ஜாக் ஹேலியின் நிலை அதுதான். விறைப்பான அந்த உடையில் உட்கார முடியாது. சாய்வுப் பலகை ஒன்றில் சாய்ந்தபடியே ஓய்வெடுத்தார். கோழைச் சிங்கமாக வந்த பெர்ட் லார் பட்ட பாடு இன்னும் கொடுமை. அவருடைய உடை மட்டுமே சுமார் 40 கிலோ! அன்றைய டெக்னிகலர் வண்ணப் படப்பிடிப்புக்கு ஏராளமான விளக்குகள் வேண்டும். தளத்தின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடும். முக ஒப்பனை கலைந்துவிடும் என்பதால் உறிஞ்சுகுழலில் குடிக்கக்கூடியவையே அவருக்குப் பல நாள் மதிய உணவு.

நாயகி ஜூடி கார்லண்டுக்குக் கொஞ்சம் ஆறுதல்: விளக்குகளைச் சரிசெய்யும்போது அவர் இடத்தில் நிற்க வேறொரு பெண் இருந்தார்.