தியேட்டருக்குப் போகும் முன் ஒரு பேச்சு

மற்றச் சத்திரசிகிச்சைகள் என்றால், பயந்து கிடக்கும் நோயாளிக்கு முதல் நாள் இரவு நித்திரைக்கென்று ஒரு மாத்திரை கொடுத்துவிடலாம். சிசேரியனுக்குக் காத்திருக்கும் தாய்க்கு அப்படிக் கொடுக்க வைத்தியர்கள் தயங்குவார்கள். பதற்றத்தை அடக்கும் மருந்துகள் பலவும் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போய்ச் சேரும். பிறந்ததும் வீறிட்டு அழவேண்டிய குழந்தை சோர்ந்து கிடக்கலாம், மூச்செடுக்கத் திணறலாம். ஆகவே அந்தத் தாய்க்குத் தயங்காமல் கொடுக்கக்கூடிய மருந்து பேச்சுத்தான்.

பண்டாரவளை, பூனாகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்களுக்கு ‘சீசர்’ புதிய சங்கதி அல்ல. தியத்தலாவைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ போய்த் திரும்பியவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். இலங்கையில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில்தான். 2016ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டின்படி அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை சிசேரியன். உலகம் முழுவதும் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இவ்வளவு சாதாரணமான பிறகும் பயம் குறையவில்லை.

“முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலியாம்.” “பாதியில விறைப்பு போயிருமாம்.” “இனிமே கொழுந்துக் கூடை தூக்க ஏலாதாம்.” மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் உண்டு. நீண்டகால முதுகுவலிக்கு, உடம்பை மரக்கச்செய்ய முதுகில் போடும் அந்த ஊசிதான் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை; குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம். கத்தி வைக்கும் முன் குளிர்ந்த பொருளைத் தொட்டுவைத்து, விறைப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். கூடை விஷயத்தில், தையல் ஆற வாரங்கள் வேண்டும். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யும் பெண்ணுக்கு எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரப் பிரசவ விடுமுறை உண்டு என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அதையும் கிளினிக்கிலேயே சொன்னால் பாதிக் கவலை தீரும்.

பயம் மனதோடு நின்றுவிடுவதில்லை. அட்ரினலின் பெருகுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. அதிகம் பதறியவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலியும் அதிகமாகத் தெரிகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இதில் மறக்கக்கூடாத ஆய்வு ஒன்று 1964இல் வெளியானது; நடந்தது பொஸ்டனில், மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலையில். மயக்கமருந்து நிபுணர் லோரன்ஸ் எக்பெர்ட்டும் சகாக்களும் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த 97 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரின் கட்டிலருகே போய், வலி எங்கே வரும், ஏன் வரும், எவ்வளவு நாள் இருக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று விளக்கினார்கள். மற்றவர்களிடம் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கம் கேட்டவர்களுக்கு வலிமருந்து ஏறக்குறைய பாதியே தேவைப்பட்டது. யாருக்கு விளக்கம் கிடைத்தது என்று அறியாத சத்திரசிகிச்சை நிபுணர்களே அவர்களைக் கிட்டத்தட்ட மூன்று நாள் முந்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நோயாளிகள் பிரசவத்துக்கு வந்தவர்கள் அல்லர்தான். ஆனாலும் வலி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது வலியைக் கூட்டாது, குறைக்கும் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும்.

சிசேரியனில் கட்டாயம் முன்கூட்டிச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: “கை வைக்கிறது தெரியும், இழுக்கிறது தெரியும், நோவு தெரியாது.” முதுகு ஊசி வலியைத்தான் மறைக்கும், தொடுகையையும் அழுத்தத்தையும் முற்றாக மறைக்காது. இது தெரியாத பெண், வயிற்றை அழுத்தியதும் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கலங்கிப்போகிறாள். கால் மரத்துக் கனப்பது, குமட்டல், பல் கிட்டும் நடுக்கம் எல்லாம் வரக்கூடும் என்பதையும், உடனே சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் கவனிப்பார்கள் என்பதையும் அவள் அறிந்திருக்கவேண்டும். தாலியையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்வதும் அப்படியே. இரத்தத்தைக் கட்டப் பயன்படும் மின்கருவியால் உலோகம் பட்ட இடம் சுடக்கூடும் என்ற காரணத்தைச் சொல்லாமல் தாலியைக் கேட்டால், அதை அபசகுனமாக எண்ணிக் கலங்குகிற பெண்கள் உண்டு.

இதெல்லாம் எந்த மொழியில் சொல்லப்படுகிறது? பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. தோட்டப் பெண்கள் பலருக்குச் சிங்களம் பேச வரும். கடைக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். சம்மதப் படிவத்தில் ஒப்பமிடும்போதும், முதுகை வளைத்து ஊசிக்கு உட்காரும்போதும் தமிழில் ஒரு குரல் வேண்டும்.

பயத்தை அளக்க 1996இல் நெதர்லாந்தில் உருவான ஒரு கேள்வித்தாளில் ஆறே கேள்விகள். நான்கு பதற்றத்தைப் பற்றியவை. மற்ற இரண்டும், நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கின்றன. எல்லோருக்கும் எல்லா விவரமும் வேண்டியதில்லை, சிலருக்குக் குறைவாகச் சொன்னால்தான் நிம்மதி. அந்த ஆறு கேள்விகளையும் லயத்துக்கே வந்து தாயைப் பார்க்கும் மிட்வைஃப் மிஸ்ஸால் சில நிமிடத்தில் கேட்டுவிட முடியும். முந்தைய பிரசவத்தில் பிள்ளையை இழந்தவர், பிரசவத்தை நினைத்தாலே உடம்பு நடுங்குபவர் போன்றோரை அப்போதே வைத்தியரிடம் அனுப்பலாம். மற்றவர்களுக்கு, சீசர் முடித்துத் தேறிய ஒரு பெண்ணைக் கிளினிக் நாளில் அழைத்து உட்காரவைத்து, தமிழில் இரண்டு பக்கத் தாள் ஒன்றையும் கொடுத்தால் நல்ல தொடக்கமாகும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதையே குரலில் பதிந்து போனில் அனுப்பலாம்.