சீபோர்த்துக் குடியின் நிலம்: சாபமும் கடனும்

தென்னாட்டு ஓலைச்சுவடிகளைத் தொகுத்த காலின் மெக்கென்சியைத் தமிழாராய்ச்சியாளர் நன்கறிவர். அவர் பிறந்த ஸ்டார்னோவே, ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவின் தலைமையூர். அத்தீவை 1610 முதல் ஆண்டவர் மெக்கென்சி மரபின் தலைமைக் குடியினராகிய சீபோர்த்தினர். 1623 இல் கோமகன் பட்டம் பெற்ற அக்குடி சாபத்தால் வீழ்ந்தது என்பது அந்நாட்டு வழக்கு. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சீபோர்த்துக் குடியின் இறுதித் தலைவன் செவிடனாவான், தன் மைந்தரெல்லாம் தனக்குமுன் இறக்கக் காண்பான், நிலமும் கைமாறும் எனப் பிராகன் நிமித்திகன் என்பான் முன்னுரைத்தானாம். 1815 இல் மறைந்த பிரான்சிஸ் மெக்கென்சி செவிப்புலன் இழந்தவர். அவர்தம் மைந்தர் நால்வரும் அவருக்கு முன்னரே இறந்தனர். ஆயினும், இம்முன்னுரைகள் தனி நூலாகத் தொகுக்கப்பெற்றது 1877 இலேயாம். நடந்ததற்கேற்பக் கதை வளர்தல் உலகியல்பு.

நிலம் கைமாறியதற்குரிய காரணத்தை வரலாறே காட்டும். 1715 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஸ்டூவர்ட் அரச மரபின் பக்கம் நின்றமையால் இக்குடி பட்டமும் நிலமும் இழந்தது. 1741 இல் விலை கொடுத்தே நிலத்தை மீட்டனர். பிரான்சிஸ் 1793 இல் படையொன்று திரட்டினார். பெர்பிசில் அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டங்களில் பொருளை முடக்கினார். கடன் மிகவே, 1801 இல் லொகால்ஷ் பகுதியை விற்றார்.

அவருக்குப்பின் உரிமையெய்திய மகள் மேரி, 1814 இல் சென்னையில் மறைந்த கடற்படைத் தலைவர் சாமுவேல் ஹூடின் மனைவியாவார். அவரைப் பின்னர் மணந்த ஸ்டூவர்ட் மெக்கென்சி 1837 முதல் 1841 வரை இலங்கை ஆளுநராய் இருந்தார். அப்பதவியும் கடனைத் தீர்க்கவில்லை. கடற்பாசியை எரித்துப் பெறும் காரச்சாம்பலே தீவின் பெருவருவாய். நெப்போலியப் போர்கள் முடிந்தபின் அதன் விலை வீழ்ந்தது. 1844 இல் லூயிஸ் தீவு, சீன வாணிகத்தால் செல்வரான ஜேம்ஸ் மாத்திசனுக்கு 1,90,000 பவுனுக்கு விற்கப்பட்டது.

எனவே, வீழ்ச்சிக்குக் காரணம் கடனே எனத் துணியலாம். சாபக்கதையில் பிறிதொரு குறையும் உண்டு. அது தலைவனின் துயரையே பாடுகின்றது. நிலத்தை உழுதாரைப் பற்றி வாய் திறவாது. மாத்திசன் காலத்தில் 1851 முதல் குடியானவர் பலர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1918 இல் தீவை வாங்கிய லீவர்ஹூல்ம் பெருமகன், 1923 இல் ஸ்டார்னோவேப் பகுதியை அங்கு வாழும் மக்களுக்கே அளித்தார். மக்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலரே அதனை ஆண்டு வருகின்றனர். எந்நிமித்திகனும் இதனை முன்னுரைத்திலன்.