புதுச்சேரியில் ஒரு சிவில் மாணவன்

நண்பர்களே, நம்ம ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரத்தில் புதுச்சேரி. பீச்சைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஊரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலில் நின்று இருபுறமும் பாருங்கள். கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீதிகள்: உயர்ந்த மதில், உள்ளே தோட்டம், வீடே தெரியாது. மேற்கே தமிழர் வீதிகள்: தெருவைப் பார்த்த திண்ணை, வழிப்போக்கருக்கும் நிழல் தரும் தாழ்வாரம். (என் ஓட்டு இதற்குத்தான்!)

மியூசியத்தில் ரோமானியரின் மது ஜாடி ஓடுகள் இருக்கின்றன, பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியெடுத்தவை. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்களோ, நாம் வழியில் கடந்த செஞ்சியிலிருந்து போனவை!

அருகிலிருக்கும் மேரி கட்டடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். விழுமுன் பழுதுபார்ப்பதும் நடக்கிறது. வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கிக் காரை உதிரும்; சுண்ணாம்பையே பூச வேண்டும். நாம் படிப்பதோ பெரும்பாலும் சிமெண்ட்டைத்தான். எங்கேயாவது சாரம் கட்டியிருந்தால் கொத்தனாரிடம் பேச்சுக் கொடுங்கள்.