முரசு வடிவத் தட்டின் உள்ளே

தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் போன்ற ஊர்களின் செல்பேசிக் கோபுரங்களில், முரசு போன்ற வடிவத்துடன் தூரத்துக் கோபுரமொன்றையே நோக்கி நிற்கும் தட்டுகள், ஆற்றையும் வாழைத் தோட்டங்களையும் கம்பியின்றிக் கடந்து நம் பேச்சைக் கொண்டு செல்லும் நுண்ணலை ஆண்டெனாக்களாகும்.

1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நுண்ணலை இனத்தைச் சேர்ந்த மில்லிமீட்டர் அலைகளைப் பிரத்தியட்சமாகக் காட்டியது நம் தேசத்தின் பெருமைக்குரிய சரித்திரம். எனினும் நுண்ணலைகளைக் கனத்த உலோகக் குழாய்களில் செலுத்தும் முறையே நெடுங்காலம் நீடித்தது.

1960-களில் அலுமினாத் தகட்டின்மீது மயிரிழை போன்ற மெல்லிய பொற்கோடுகளைப் படியவைத்து, அக்கோடுகளின் நீள அகலங்களே வடிகட்டியாகவும் இணைப்பியாகவும் தொழிற்படும்படி அமைத்த ஒருங்கிணைந்த சுற்றுகள் பரவலாயின. 6 கிகாஹெர்ட்ஸில், வெட்டவெளியில் 5 செ.மீ. நீளமுள்ள அலை அத்தகட்டில் சுமார் 2 செ.மீ. ஆகச் சுருங்குவதே, முன்பு பெட்டியளவு இடம் கேட்ட சாதனம் உள்ளங்கையில் அடங்கியதன் சூக்ஷ்மம்.

1976-இல் இங்கிலாந்தின் பிளெஸ்ஸி நிறுவனத்தைச் சார்ந்த பெங்கெல்லியும் டர்னரும் நுண்ணலைப் பெருக்கி முழுவதையும் கேலியம் ஆர்சனைடுச் சில்லு ஒன்றிலேயே அமைத்துக் காட்டினர். ஒவ்வொரு சுற்றையும் கையால் சரிசெய்யும் சிரமம் குறைந்து, ஒரே மாதிரியான சில்லுகள் திரளாக உற்பத்தியான பின்னரே, போர்க்கருவிகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் உரியதாயிருந்த இவ்வித்தை சிற்றூர்க் கோபுரங்களுக்கும் கட்டுபடியாயிற்று. இத்தகைய சில்லுகளை ஹைதராபாத்தின் கேட்டெக் நிலையம் நம் நாட்டிலேயே தயாரிக்கிறது.