உபகாரமும் உரிமையும்
ஜார்ஜ் ஆர்வெலின் பள்ளி வாழ்க்கை

'விலங்குப் பண்ணை' (1945), '1984' (1949) ஆகிய நாவல்களால் உலகப் புகழ் எய்தியவர் ஜார்ஜ் ஆர்வெல். இவர்தம் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903இல் பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தார். தந்தையார் இந்திய அரசின் அபினித் துறையில் பணியாற்றியவர். ஏழைகளின் துயரை எழுதிய இவர், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளி மாணவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அக்கல்வி அவருக்கு வாய்த்த விதத்தை ஆசிரியர்களாகிய நாம் அறிதல் நன்று.

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்பது அரசு நடத்தும் பொதுப் பள்ளி அன்று. பெருங்கட்டணம் பெறும் தனியார் பள்ளியாகும். அதில் நுழைவதற்குச் சிறுவர்களை எட்டு வயது முதல் பழக்கும் ஆயத்தப் பள்ளிகளும் உண்டு. ஈஸ்ட்பர்ன் நகரில் இருந்த செயின்ட் சிப்ரியன்ஸ் அத்தகையது. 1911இல் ஆர்வெல் அங்கே பாதிக் கட்டணத்தில் சேர்க்கப்பட்டார். அறிவுள்ள பையன் உபகாரச் சம்பளத் தேர்வில் வென்றால் பள்ளிக்குப் பெயர் கிட்டும் என்பதே அச்சலுகையின் காரணம்.

சலுகை குற்றமன்று. அதைச் சொல்லிக் காட்டியதே குற்றம். படிப்பில் தளர்ந்தபோதெல்லாம், தம் தயவில் வாழ்பவன் என்பதைத் தலைமையாசிரியர் நினைவூட்டினாராம். மற்றச் சிறுவர்களுக்குப் பிறந்தநாளன்று கேக் உண்டு, இவருக்கு இல்லை. கிரிக்கெட் மட்டை கேட்டால், உன் பெற்றோருக்குக் கட்டுப்படியாகாது என்ற விடை. இவற்றையெல்லாம் ஒரு நீண்ட கட்டுரையில் ஆர்வெல் எழுதி வைத்தார். அவர் மறைந்த பின், 1952இல் அது அமெரிக்காவில் வெளிவந்தது. அவதூறு வழக்குக்கு அஞ்சி, இங்கிலாந்தில் 1968 வரை வெளியிடப்படவில்லை. அவர் மிகைப்படுத்தினார் என்று உடன் பயின்றோர் சிலர் மறுத்ததும் உண்டு. மிகையாகவே இருக்கட்டும், முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஆறாத புண் பொய்யாகுமா?

1917இல் அவர் ஈட்டனில் சேர்ந்தார். 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் அதனை நிறுவியபோது, எழுபது ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி அளிப்பதே நோக்கம். பின்னர்ச் செல்வர் பிள்ளைகளே அங்குப் பெருகினர். எனினும் தேர்வில் வென்ற எழுபதின்மர்க்கு உரிய இடம் நிலைத்தது. அவர்கள் கறுப்பு மேலங்கி அணிந்து, தனி இல்லத்தில் தங்கினர். உதவி பெறுவது அங்கே தாழ்வின் அடையாளம் அன்று, தகுதியின் அடையாளம்.

ஈட்டன் சொர்க்கமும் அன்று. மூத்த மாணவர் இளையோரைப் பிரம்பால் அடிக்கும் வழக்கம் அங்கிருந்தது. ஆர்வெலோ படிப்பில் நாட்டம் குன்றினார். 167 பேரில் 138ஆம் இடத்தையே பெற்றார். ஆயினும், தத்தம் இயல்புப்படி வளர அங்கே இடமிருந்தது எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் செல்லாமல், 1922இல் பர்மாவில் போலீஸ் அதிகாரியானார். ஏகாதிபத்தியத்தை வெறுத்து 1927இல் அப்பணியைத் துறந்தார். பிறகு 1932இல் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார்.

ஒரே பிள்ளை, இரண்டு பள்ளிகளிலும் பிறர் பொருளிலேயே பயின்றான். ஒன்று அதனை உபகாரமாகச் சுட்டியது. மற்றொன்று உரிமையாக வழங்கியது. முன்னது வடுவாயிற்று.

தோட்டப் பள்ளியில் பணிபுரியும் நானும், இலவச உணவு பெறும் பிள்ளைகளின் பெயர்களைச் சபைகூடலில் உரக்கப் படித்தவன்தான். ஒருநாள், பெயர் கேட்டும் எழுந்து வராமல் தலை குனிந்து நின்றாள் ஒரு சிறுமி. அன்றோடு அவ்வழக்கத்தை நிறுத்தினேன். இப்போது பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உணவு மட்டுமே பிள்ளைகளிடம் போகிறது.

ஆசிரியப் பெருமக்களே! கொடுப்பது அரசாயினும் சங்கமாயினும், அதைப் பிள்ளையின் கையில் சேர்ப்பவர் நாமே. சேர்க்கும்போது சொல்லும் சொல்லும் அவன் நெஞ்சில் சேர்ந்துவிடும் என்பதை மறவாதிருப்போமாக.