ஓடிப் பார்த்துத் திருத்தும் கோடுகள்

“எனக்கு வரைய வராது சார்” என்ற சொல்லை ஆறாம் வகுப்பில் அடிக்கடி கேட்கிறோம். மூன்றாம் வகுப்பு வரை சுவர், தரை, சிலேட்டு எனக் கிடைத்த இடத்திலெல்லாம் வரைந்த அதே குழந்தைதான் இப்படிச் சொல்கிறது. இடையில் கையின் திறன் குறைந்துவிடவில்லை. தான் வரைந்த மாடு உண்மையான மாட்டைப் போல இல்லை என்று கண்டுகொள்ளும் வயது வந்துவிட்டது. அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் தெரியவில்லை. வழிகாட்ட ஆளில்லாதபோது குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் இதயத்தின் படத்தையும் இந்திய வரைபடத்தையும் வரையச் சொல்லும்போது அதன் விளைவை நாம் சந்திக்கிறோம்.

ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் இந்தத் தயக்கத்தைக் குறைக்க முடியும். கணினி ஆய்வகத்தில் பயன்படுத்தத்தக்க ‘லைன் ரைடர்’ என்னும் எளிய விளையாட்டு அதற்கு நல்ல கருவி.

லைன் ரைடர் என்பது என்ன?

ஸ்லோவேனியா நாட்டு மாணவர் போஷ்ட்யான் சாடெஷ் 2006 செப்டம்பரில் இதை இணையத்தில் வெளியிட்டார். அப்போது ஃபிளாஷ் மென்பொருளில் இயங்கிய இந்த விளையாட்டு, இப்போது உலாவியிலேயே கட்டணமின்றி இயங்குகிறது. இதில் எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. திறந்தவுடன் வெள்ளைத் தாள் ஒன்று தெரியும். அதில் நாம் கோடு வரைந்து இயக்கினால், சறுக்குவண்டியில் அமர்ந்த ஒரு சிறு உருவம் அந்தக் கோட்டின் மேல் புவியீர்ப்பால் சறுக்கிச் செல்லும்.

கோடுகள் மூன்று வகை. நீலக் கோடு வண்டி சறுக்கும் பாதை. சிவப்புக் கோடு வண்டியைத் தள்ளி வேகத்தைக் கூட்டும். பச்சைக் கோடு காட்சிக்கு மட்டும். வண்டி அதில் மோதாமல் கடந்து செல்லும். மலை, மரம், வீடு, பாலம் எல்லாம் பச்சைக் கோட்டில் வரையப்படுபவை.

இதில் ஓவியப் பயிற்சி எங்கே இருக்கிறது? நோட்டில் வரைந்த வளைவு சரியா என்பதை ஆசிரியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இங்கே வளைவில் ஒரு மூலை இருந்தால் வண்டி அந்த இடத்தில் குலுங்குகிறது அல்லது உருவம் கவிழ்கிறது. தவறு எந்த இடத்தில் என்பது குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது. யாரும் திட்டவில்லை; அழித்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் மீண்டும் வரைகிறது. ஒரு பாடவேளையில் ஒரே வளைவைப் பத்து முறை வரைய எந்தக் குழந்தையையும் நாம் சொல்லி வைக்க முடியாது. இங்கே அவர்கள் தாமாகவே செய்கிறார்கள்.

முதலில் பாதை, பிறகு காட்சி

பெரும்பாலான மாணவர்கள் முதல் நாளிலேயே ஒரு மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்குவார்கள். பாடவேளை முடியும்போது பாதி மரம்தான் இருக்கும், பாதை இருக்காது. நுணுக்கமான தடம் என்பது நிறையக் கோடுகளால் வருவதன்று, வரிசையாகச் செய்வதால் வருவது. புள்ளி வைத்த பின்புதான் கம்பிக் கோலம் இழுக்கிறோம். அந்த ஒழுங்கே இங்கும் தேவை.

1. பாதையை மட்டும் நீலக் கோட்டில் வரைந்து, வண்டி கவிழாமல் இறுதிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். விரல் நுனியை மட்டும் அசைத்து வரைந்த கோடு நடுங்கும். முன்கை முழுவதும் மேசையில் நகரும்படி மவுஸைப் பிடிக்கச் சொல்லுங்கள். கரும்பலகையில் பெரிய வட்டம் போடும்போது நம் தோளும் சேர்ந்து அசைகிறதே, அதுபோலத்தான்.

2. கோட்டை எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பது முக்கியம். இடமிருந்து வலமாக இழுத்தால் கோட்டின் மேற்புறம் வண்டியைத் தாங்கும். வலமிருந்து இடமாக இழுத்தால் தாங்கும் பக்கம் கீழே போய்விடும். வண்டி கோட்டின் ஊடே விழுந்துவிடும். புதிதாக வரைபவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

3. பென்சில் கருவியில் நாம் இழுக்கும் வளைவையும் கணினி சிறுசிறு நேர்க்கோடுகளாகவே பதிவு செய்கிறது. எனவே பென்சில் வசப்படாத மாணவர்கள் நேர்க்கோட்டுக் கருவியை எடுத்து, குட்டையான கோடுகளை முனையோடு முனை சேர்த்து, ஒவ்வொரு கோட்டின் சாய்வையும் சிறிது சிறிதாக மாற்றி வளைவை உருவாக்கலாம். பத்தாம் வகுப்பினருக்குச் சாய்வைக் கண்ணால் காட்ட இது நல்ல இடம்.

4. பாதை உறுதியான பிறகு பெரிய வடிவங்களைப் பச்சையில் வரையுங்கள்: மலைக்கு முக்கோணம், மரத்துக்கு வட்டமும் தூணும், வீட்டுக்குச் செவ்வகம். இவை சரியான இடத்தில் சரியான அளவில் அமைந்த பின்னரே சன்னல், கிளை, ஓடு.

5. நுணுக்கங்களைத் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு வரையுங்கள். பெரிதாக்கி வரைந்ததை இயல்பான அளவில் பார்க்கும்போது கைநடுக்கமும் சுருங்கிவிடும். வரைபடத்தின் சிறு பகுதிகளை வரைய இது மிகவும் உதவும்.

பார்க்கக் கற்பது

கைக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் படம் சரியாகிவிடாது. குழந்தை தென்னை மரத்தை வரையும்போது மரத்தைப் பார்த்து வரைவதில்லை. மனத்தில் இருக்கும் ‘தென்னை மரம்’ என்னும் அடையாளத்தை வரைகிறது. அதனால் எல்லாத் தென்னையும் ஒரே மாதிரி நிற்கின்றன.

இதற்கு அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிகொலைடிஸ் வகுத்த பயிற்சி ஒன்று உண்டு. அவருடைய ஓவியப் பயிற்சி நூல் 1941-இல் வெளிவந்தது. பொருளின் ஓரத்தில் கண்ணை மெதுவாக நகர்த்த வேண்டும். அதே வேகத்தில் பென்சிலும் தாளில் நகர வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. வரும் படம் கோணலாகத்தான் இருக்கும். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். படம் அழகாக வருவது இங்கே நோக்கமன்று. ஓரம் எங்கே உள்வாங்குகிறது, எங்கே மடங்குகிறது என்று கண் கவனிக்கப் பழகுகிறது. ஆய்வகத்துக்குச் செல்லும் முன் வேப்பிலை, செருப்பு, தண்ணீர் பாட்டில் என ஏதாவது ஒன்றை வைத்து ஐந்து நிமிடம் இதைச் செய்தால் போதும்.

அண்மையும் தொலைவும்

இந்த விளையாட்டில் கோட்டின் நிறம் அதன் வேலையைக் காட்டுவதற்கே. எனவே ஆழத்தைக் கோட்டால் உணர்த்த வேண்டும். அருகில் இருப்பதைப் பெரிதாகவும் நெருக்கமான கோடுகளாலும் வரைய வேண்டும். தொலைவில் இருப்பதைச் சிறிதாக, ஒற்றைக் கோட்டில் விட்டுவிடலாம். முன்னால் நிற்கும் மரம் பின்னால் உள்ள மலையின் கோட்டை மறைக்க வேண்டும்; மலையின் கோடு மரத்துக்குள் புகுந்து வெளியே வரக் கூடாது. நிழல் விழும் பக்கத்தில் இணைகோடுகளை நெருக்கமாக இழுத்தால் உருளை வடிவம் தெரியும். உயிரியல் படங்களுக்கும் இதே முறை பயன்படும்.

இன்னொன்றையும் மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். ஓடும் வண்டியோடு திரையும் நகர்வதால், வேகமான சரிவில் வரைந்த சன்னல் கம்பிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. அங்கே பெரிய வடிவங்கள் போதும். வண்டி ஏற்றத்தில் தயங்கி மெதுவாகும் இடத்தில் நுணுக்கத்தைச் சேர்த்தால் உழைப்பு வீணாகாது. சரிவில் வேகம் கூடுவதும் ஏற்றத்தில் குறைவதும் ஏன் என்ற கேள்வி இங்கே தானாகவே எழும். அறிவியல் ஆசிரியர் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

நான்கு பாடவேளைத் திட்டம்

முதல் வேளையில் தாளில் ஓரம் பார்த்து வரைதலும், தடத்தின் மாதிரிப் படமும். இரண்டாவதில் பாதை மட்டும். மூன்றாவதில் பெரிய வடிவங்கள். நான்காவதில் நுணுக்கங்களும், எல்லாத் தடங்களையும் ஓடவிட்டுப் பார்ப்பதும். ஒவ்வொரு வேளையின் முடிவிலும் வேலையைச் சேமிக்க நினைவூட்டுங்கள். ஒரு கணினிக்கு இருவர் எனில் ஒருவர் வரையட்டும். மற்றவர் வண்டி குலுங்கும் இடத்தைக் குறித்துச் சொல்லட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் ‘நன்றாக வரைபவர்’ என்று பெயர் வாங்கிய பிள்ளையே கடைசிவரை மவுஸை வைத்திருக்கும்.

கணினி இல்லாத தொடக்கப் பள்ளியில் இதைத் தரையில் செய்யலாம். சுண்ணக்கட்டியால் நீண்ட வளைவான சாலையை வரையச் சொல்லி, பொம்மைக் காரையோ தீப்பெட்டியையோ கோட்டைவிட்டு விலகாமல் தள்ளிச் செல்லச் சொல்லுங்கள். திடீர் மூலைகளில் கை தடுமாறும். அந்த இடத்தை அழித்துவிட்டுத் திரும்ப வரைவார்கள். பிறகு சாலையின் இருபுறமும் தங்கள் ஊரைச் சேர்க்கட்டும்.

மதிப்பிடும்போது எந்தப் படம் அழகு என்று வரிசைப்படுத்த வேண்டாம். முதல் நாள் வளைவுக்கும் நான்காம் நாள் வளைவுக்கும் உள்ள வேறுபாடு, அளவுப் பொருத்தம், தானே கண்டு திருத்திய இடங்கள் ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். முதல் நாள் தடத்தை அழிக்காமல் வைத்திருந்து கடைசி நாளில் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். “வரைய வராது” என்று சொன்ன பிள்ளைகளின் தடங்களை முதலில் காட்டுங்கள். அடுத்த வாரம் அறிவியல் நோட்டில் அவர்கள் வரையும் படத்தையும் மறக்காமல் எடுத்துப் பாருங்கள்.