ஞமலிக்கு ஒரு களம்

நாயைக் குறித்துத் தமிழில் வழங்கிய சொற்கள் பல. ஞமலி, ஞாளி என்பன சங்கச் செய்யுட்களிற் பயில்வன. ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கு என்பர் தொல்காப்பிய உரைகாரர். நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை விதித்த மரபியல், அப்பெயரைப் பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் பொதுவாக்கிற்று. யானை போல்வாருடைய நட்பினும் நாய் போல்வாருடைய நட்பே கொள்ளத்தக்கது என்பது நாலடியாரின் துணிபு. பல்லாண்டு பழகிய பாகனையும் யானை கொல்லும். தன்னை வேலால் எறிந்தவனைக் கண்டும் நாய் வாலை ஆட்டும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம்.

இவ்வளவு சொன்ன மொழியிலே, நாய் என்னும் சொல் இன்று பெரும்பாலும் வசைமொழியாகவே நம் செவியில் விழுகின்றது. தெருவில் நாயைக் கண்டவுடன் சிறுவர் கை கல்லைத் தேடுகின்றது. இந்நிலையை ஓரளவேனும் மாற்றவல்ல பயிற்சி ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

மேலைநாட்டார் அதனை அஜிலிட்டி என்பர். நாய்களின் தடைதாண்டல் ஓட்டம் என நாம் வழங்கலாம். 1978ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த கிரஃப்ட்ஸ் நாய்க்கண்காட்சியிலே, இடைப்பொழுதில் மக்களை மகிழ்விக்க வேண்டி, ஜோன் வார்லி, பீற்றர் மீன்வெல் என்னும் இருவர் இதனை அமைத்தனர். அவர்கள் மாதிரியாகக் கொண்டது குதிரைகள் தடைதாண்டும் போட்டியை. 1980இல் பிரித்தானிய நாய்க்கழகம் இதனை ஏற்றுக்கொண்டது. இன்று உலகின் பல நாடுகளில் இது பரவியுள்ளது. குதிரையின் வித்தை நாய்க்கு வந்த கதை, குதிரைகள் இன்றும் கட்டின்றித் திரியும் நெடுந்தீவைக் கண்ட நமக்குச் சுவை தருவதே.

களத்திலுள்ள தடைகளாவன: தாண்டுதற்குரிய குறுக்குத்தடி, புகுந்து வெளிப்படுதற்குரிய குழாய், ஏறி இறங்குதற்குரிய கூரை வடிவான பலகைகள், நடத்தற்குரிய ஒடுங்கிய பாலம், நடுவே தாங்கப்பெற்று இருபுறமும் ஏறி இறங்கும் ஆடுபலகை, வளைந்து வளைந்து செல்லுதற்குரிய கம்பவரிசை என்பன. குறுக்குத்தடி நாயின் கால் பட்ட அளவிலே விழுமாறு வைக்கப்படும். உறுதியாகப் பிணித்தால் நாய்க்கு ஊறு நேரும். பாலத்தின் இரு முனைகளிலும் வேறு நிறந் தீட்டிய ஒரு பகுதி உண்டு. நாய் அதனைப் பாதத்தால் தொட்டே ஆகவேண்டும். உயரத்திலிருந்து குதித்து மூட்டினைக் கெடுத்துக்கொள்ளாமல் இறுதிவரை நடந்து இறங்குதற்காகவே இவ்விதி. ஆடுபலகையிலும் அதன் முனை நிலத்தைத் தொட்ட பின்னரே நாய் இறங்கலாம். விரைவுக்கும் ஓர் அடக்கம் உண்டு என்பதை இவ்விதிகள் உணர்த்துவனவாம்.

இனி, இவ்விளையாட்டின் உயிர்நிலை யாதெனில், கயிறு இல்லாமையே. நாயை நடத்துவோர் அதனையோ தடைகளையோ தொடலாகாது. குரலும் கையும் காலுமே கருவிகள். பற்றி இழுக்க வழியில்லாத இடத்தில், நாய் தானே விரும்பி வந்தாலன்றிக் காரியம் நடவாது. ஆதலால் அடித்துப் பழக்கியவன் இக்களத்தில் தோற்பான். நம்பிக்கையை ஈட்டியவனே வெல்வான்.

ஐதராபாத்தின் கொண்டாப்பூரில் 2018ஆம் ஆண்டு மாநகராட்சியார் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவைத் திறந்து, இத்தகைய பயிற்சிக் கருவிகளையும் அதில் அமைத்தனர். நமக்கு அத்துணைச் செலவு வேண்டுவதில்லை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் வேலியிட்ட வளவுகளைப் பாருங்கள். கடப்பைத் தாண்டாத நாய் உண்டோ? வேலிப் பொட்டினுள் நுழைந்து வெளிப்படாத நாய் உண்டோ? நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கிய மதில்களின்மேல் நடந்து செல்லும் நாய்க்குப் பாலம் எதற்கு? மேலைநாட்டார் செய்து வைத்த களம் நம் ஊர்களிலே இயல்பாகவே கிடக்கின்றது. இல்லாதது, நாயோடு சேர்ந்து ஓடும் மனிதன்.

எம் மாணாக்கர் சிலர் தாழ்ந்த பனங்குற்றி ஒன்றைக் கிடத்தி, அதன் சிராய்களைச் சீவிச் சாக்குத்துணி சுற்றிப் பாலமாக்கினர். பழைய கதியால்களை நட்டு வரிசையாக்கினர். நாயோ மீண்டும் மீண்டும் தவறான பக்கமே திரும்பிற்று. சற்று நேரம் நின்று நோக்கிய ஒருவன், “ஐயா, என் வாய் வலம் என்கிறது; என் கால் இடம் திரும்புகிறது; நாய் காலைத்தான் நம்புகிறது” என்றான். கற்பிக்கும் தொழிலில் இருப்போர் அனைவரும் சிந்திக்கத்தக்க சொல் இது. சொல்லும் செயலும் மாறுபடும்போது செயலையே பின்பற்றுவது நாய்க்கு மட்டுமா இயல்பு? வகுப்பறையில் நம் முன் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே இயல்பு.

இம்முயற்சியில் இறங்குவோர் சிலவற்றைக் காத்தல் வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி ஏற்றாத நாயைப் பொதுக்களத்துக்குக் கொணர்தல் ஆகாது. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணிப்பதாதலின், நம் தீவுகளின் வெயிலில் நண்பகற் பயிற்சி தீங்காகும். காலையும் மாலையுமே ஏற்றவை. தண்ணீர் அருகில் இருத்தல் வேண்டும். எலும்பு முதிராத குருளைகளை உயரத் தாண்டவிடலாகாது. போட்டிகளில் பொதுவாக ஒன்றரை ஆண்டு நிரம்பும் வரை பொறுக்கின்றனர். வேலியும் படலையும் உள்ள இடத்தில், ஒருமுறைக்கு ஒரு நாயே ஓடவேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 1990ஆம் ஆண்டை ஒட்டித் தீவகத்து மக்கள் வீடுவாசல் துறந்து பெயர்ந்தபோது, வளர்த்த உயிர்களை விட்டுச் செல்லாதார் அரியர். அது போரின் கொடுமை. ஆனால் அமைதிக் காலத்திலும் பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் இட்டுச் சந்தையோரம் விட்டுவருகின்றோமே, அதற்கு யாரை நோவது? தெருநாய்களைக் கொல்வதை இலங்கை அரசு 2006ஆம் ஆண்டளவில் நிறுத்திற்று. கொல்லாமை மட்டும் போதுமா? தடுப்பூசியும் கருத்தடையும் வேண்டும். அவற்றோடு, நாயின் முகத்தை நோக்கிப் பழகிய பிள்ளைகளும் வேண்டும். ஒரு குட்டிக்குப் பெயரிட்டு, அதனோடு மாலைதோறும் ஓடி, அது தன் குரலுக்குத் திரும்புவதை ஒருமுறை கண்ட சிறுவன், அதனைச் சாக்கிற் கட்ட எவரையும் விடான். பனங்குற்றி ஒன்றும் கதியால் நாலும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆசிரியர்கள் தொடங்கிவைப்பாராக.